பாற்கடலும் பட்டப்படிப்பும்

"புவியியலா கிடைத்தது? அடடா!"

மேனிலைத் தேர்வின் முடிவு வந்து, கலைக் கல்லூரிகளின் சேர்க்கைப் பட்டியல் வெளியாகும் நாளில், நாட்டின் பல்லாயிரம் வீடுகளில் ஒலிக்கும் இரங்கற்பா இது. மருத்துவம் என்றால் மாலை. பொறியியல் என்றால் பூரிப்பு. வணிகவியல் என்றால், "பரவாயில்லை" என்ற ஆறுதல். புவியியல் என்றாலோ, வீட்டுப் பிள்ளை ஏதோ பெரும்பிழை செய்துவிட்டது போன்ற பெருமூச்சு! எதுவும் கிட்டாதவர்க்குக் கிட்டும் பாடம், எஞ்சியவர்க்கு எஞ்சிய இருக்கை என்று முத்திரை குத்தி, அந்தப் படிப்பை மூலையில் உட்கார வைத்திருக்கிறது நம் சமூகம்.

வருணம் மனிதரை மட்டுமா பிரித்தது? படிப்பையும் பிரித்து வைத்திருக்கிறது. தலையிலே பிறந்த படிப்பு, தோளிலே பிறந்த படிப்பு, தொடையிலே பிறந்த படிப்பு, காலிலே பிறந்த படிப்பு! பிறப்பினால் தாழ்வில்லை என்று மேடைதோறும் முழங்கும் இளைஞர், பாடத்திலே மட்டும் தாழ்வுண்டு என்று ஒப்புக்கொள்வது எந்த ஊர் நியாயம்? அடி வருணம் என்று ஒதுக்கப்பட்ட அந்தப் படிப்புத்தான், வருணத்தின் அடித்தளத்தையே அசைக்க வல்லது என்பதை எடுத்துரைக்கவே இதனை எழுதுகிறோம்.

இரணியாட்சன் பூமியைப் பாயாகச் சுருட்டிக் கொண்டு கடலுக்கு அடியில் ஒளிந்தான் என்று புராணிகர் கதை சொன்னார். பூமியையே சுருட்டிவிட்டால் கடல் எங்கே இருந்தது என்று நம் மேடை கேட்டது. கூட்டம் சிரித்தது. உப்புக் கடல், கருப்பஞ்சாற்றுக் கடல், கள்ளுக் கடல், நெய்க் கடல், தயிர்க் கடல், பாற்கடல், நன்னீர்க் கடல் என ஏழு கடல்களை அடுக்கினார் புராணிகர். பாற்கடல் இருக்கும் நாட்டிலே பச்சிளங் குழந்தைக்குப் பால் இல்லையே என்று நம் மேடை கேட்டது. மீண்டும் கூட்டம் சிரித்தது.

சிரிப்பு நல்ல ஆயுதந்தான். ஆனால், சிரிப்போடு நின்றுவிடுபவன் பாதிப் பகுத்தறிவாளன். "பாய் அல்ல பூமி, சரி, பின் அதன் உருவம் யாது? அதன் சுற்றளவு எவ்வளவு? அதை அளந்தவன் யார்? எதைக் கொண்டு அளந்தான்?" என்று புராணிகரே எழுந்து திருப்பிக் கேட்டால், சிரித்த கூட்டத்தில் எத்தனை பேர் விடை கூறுவர்? பொய்யை விரட்டிய இடத்தில் மெய்யைக் குடியேற்றாவிட்டால், போன பொய் சுற்றத்தோடு திரும்பி வரும். மெய்யைக் குடியேற்றும் வேலையைத்தான் புவியியல் வகுப்பு செய்கிறது.

கிறித்துவுக்கு ஏறத்தாழ 240 ஆண்டுகளுக்கு முன், எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராயிருந்த எரட்டோசுதனீசு என்ற கிரேக்க அறிஞர், பூமியை அளந்தார். அவர் எந்த அவதாரமும் எடுக்கவில்லை. மூன்றடி மண்ணும் கேட்கவில்லை. இன்றைய அசுவான் நகராகிய சயீனில், வேனிற் கதிரவன் உச்சியில் நிற்கும் நாளில், செங்குத்தான பொருளுக்கு நண்பகலில் நிழல் இல்லை; அதே வேளையில் அலெக்சாந்திரியாவில் நிழல் உண்டு. அந்த நிழலின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே, இரு நகர்க்கும் இடையிலுள்ள தொலைவைப்போல் ஐம்பது மடங்கு பூமியின் சுற்றளவு என்றார். ஒரு கோல், ஒரு நிழல், ஒரு மூளை: போதுமாயிருந்தது! உலகை மூன்றடியால் அளந்த கதையை ஆண்டுதோறும் கேட்கும் நாம், உலகைக் கோலின் நிழலால் அளந்தவன் வரலாற்றை ஒரு முறையேனும் கேட்க வேண்டாமா?

"தலைநகரங்களை மனப்பாடம் செய்யும் பாடந்தானே அது?" என்பர் சிலர். அப்படி ஆக்கியது பாடத்தின் குற்றமன்று. கற்பித்த முறையின் குற்றம். பல பள்ளிகளில் சமூக அறிவியல் என்ற ஒரே மூட்டைக்குள் வரலாறு, குடிமையியல், பொருளியல் ஆகியவற்றோடு புவியியலையும் திணித்து, அதனைக் கல்லூரியில் கற்றறியாத ஆசிரியரிடமே ஒப்படைத்து, "ஆறுகளின் பெயரை எழுது, மலைகளின் பெயரை எழுது" என்று மந்திரம்போல் ஓதச் செய்தனர். பொருள் தெரியாமல் ஓதுவது எதுவாயினும் அது வைதிகமே. வேதமானாலும் சரி, வரைபடமானாலும் சரி!

கல்லூரியின் மூன்றாண்டுப் படிப்பு அதுவன்று. மலை எப்படி எழுந்தது, ஆறு அதை எப்படி அரிக்கிறது, கடல் கரையை எப்படி மாற்றுகிறது என்பது புவிப்புறவியல். காற்று ஏன் ஆறு மாதத்திற்கொரு முறை திசை மாறுகிறது என்பது காலநிலையியல். மக்கள் ஏன் இங்கே நெருங்கினர், ஏன் அங்கிருந்து பெயர்ந்தனர் என்பது மானிடப் புவியியல். செய்முறைக் கூடத்தில் சங்கிலியும் திசைகாட்டியும் தியோடலைட்டும் கையேறும். சமஉயரக் கோடுகளைக் கொண்டு, கண்ணால் காணாத குன்றின் சரிவைக் காகிதத்தில் காண மாணவன் பழகுகிறான். செயற்கைக்கோள் எடுத்த படத்தில் ஏரியையும் ஏரியைத் தின்ற கட்டடத்தையும் பிரித்தறியும் தொலை நுண்ணுணர்வும், பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உண்மையைத் துருவும் புவித் தகவல் அமைப்பும் இன்று இப்படிப்பின் பகுதிகள்.

இத்தனைக்கும் வேராக நிற்பவை இரண்டே வினாக்கள். "எங்கே?" என்பது ஒன்று. "ஏன் அங்கே?" என்பது மற்றொன்று. 'ஏன்?' என்று கேட்கக் கற்றுக் கொடுத்தது நம் இயக்கம். 'ஏன் அங்கே?' என்று கேட்கக் கற்றுக் கொடுப்பது புவியியல். இரண்டுக்கும் இடையே ஒரு சொல்தான் தொலைவு!

அந்த வினா என்ன செய்யும் என்பதற்கு இலண்டன் மாநகரமே சான்று. 1854-ஆம் ஆண்டு, அந்நகரின் சோகோ பகுதியில் வாந்திபேதி பரவி அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்றனர் அன்றைய மேதைகள். சான் சினோ என்ற மருத்துவர், மாண்டவர் எந்தெந்த வீட்டினர் என்று தேடித் திரிந்தார், வரைபடத்தில் குறித்தார். குறிகள் பிராடு தெருவிலிருந்த ஒரு குடிநீர்க் குழாயைச் சுற்றி மொய்த்து நின்றன. அவர் வாதத்தைக் கேட்ட ஊராட்சியினர், அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றினர். நோயின் வேகம் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது என்பது உண்மை. ஆனால், நோய் நீரில் வருகிறது என்ற பேருண்மைக்கு அந்த வரைபடம் அழியாச் சான்றாயிற்று. நம் நாட்டிலோ வாந்திபேதி வந்தால் "அம்மன் கோபம்" என்று கூழ் ஊற்றினோம். கோபம் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிகிறது என்று ஒரு படம் வரைந்து பார்த்திருந்தால், அம்மனையும் பழியிலிருந்து விடுவித்திருக்கலாம், மக்களையும் காத்திருக்கலாம்!

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். 1802 ஏப்ரல் 10-ஆம் நாள், வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, சென்னைப் பரங்கிமலை அருகே நூறடி எஃகுச் சங்கிலியை நிலத்தில் நீட்டினார். பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு அளக்கப்பட்டது. இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெருமுயற்சிக்கு அந்தக் கோடே தொடக்கம். 1808-இல், பனையும் தென்னையும் பார்வையை மறைக்கும் தஞ்சைச் சமவெளியில், அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயிலின் கோபுரத்தின்மேல் ஏற்ற முயன்றனர். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்ப்டன் சாபம் என்று கையை விரிக்கவில்லை. வாரக்கணக்கில் அமர்ந்து வளைந்ததை நிமிர்த்தி, மீண்டும் அளந்தார். பின்னாளில் இமயத்தின் உச்சி உலகிலேயே உயர்ந்தது என்று கண்ட கணக்கீட்டில் முன்நின்றவர் வங்கத்து இராதாநாத் சிக்தார். ஆயினும், அம்மலைக்குச் சூட்டப்பட்டது எவரெசுட்டு என்ற அதிகாரியின் பெயரே!

வெள்ளையர் அளந்தது நமக்காக அன்று. வரி தண்டவும் படை நடத்தவுமே அளந்தனர். அதை நாம் மறக்கவில்லை. ஆனால், அதிலிருந்து பெறவேண்டிய பாடம் யாது? அளந்தவன் ஆண்டான், அளக்கத் தெரியாதவன் அடங்கினான் என்பதன்றோ?

வெளிநாட்டான் மட்டுமா அப்படி ஆண்டான்? உள்ளூரில் கர்ணம் இருந்தார். 1980-இல் அப்பதவி ஒழிக்கப்படும் வரை, ஊர்ப் புலப்படமும் கணக்கும் அவர் வீட்டுப் பெட்டிக்குள் உறங்கின. படத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர். அவர் சொன்னதே எல்லை, அவர் கிழித்ததே வரப்பு! தாழ்த்தப்பட்ட மக்கள் நிலமின்றித் தவிப்பதைச் செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் எடுத்துரைத்ததன் பயனாக, 1892-இல் அம்மக்களுக்கென நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். பிறருக்கு விற்றல் ஆகாது என்று நிபந்தனையும் இருந்தது. இருந்தும் அந்நிலத்தின் பெரும்பகுதி கை மாறியது. 1994-இல் காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளர்ந்தெழுந்த போராட்டத்தில், செங்கற்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிக்கு இருவர் பலியாயினர். பழைய புலப்படத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, "இதோ, இந்த அளவை எண்; இதோ, இதன் மேல் எழுந்த மாளிகை" என்று விரல் வைத்துக் காட்டவல்ல இளைஞர், சேரிக்கு ஒருவர் இருந்தால், எத்தனை பட்டாக்கள் நடுங்கும்!

லாம்ப்டனின் அடிக்கோடு முடிந்த பெரும்பாக்கத்தை இன்று சென்று பாருங்கள். அடையாற்றங்கரையிலிருந்தும் கூவத்தின் கரையிலிருந்தும் பெயர்த்தெறியப்பட்ட ஏழை மக்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய அடுக்குமாடிகள், ஆயிரம் ஆயிரமாக அங்கே நிற்கின்றன. அருகே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஒரு காலத்தில் ஐயாயிரம் எக்டேருக்கு மேல் பரந்து, தென்சென்னையின் மழைநீரை ஏந்திக் கொண்டிருந்த அந்நிலத்தின் பெரும்பகுதியைக் கட்டடமும் குப்பை மேடும் விழுங்கின. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமென ராம்சார் பட்டியலில் அது இடம்பெற்ற பின்னரும், அதன் எல்லை எது என்ற வழக்கு ஓயவில்லை. ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லி ஏழையைப் பெயர்த்தவர்கள், நீர் வந்து தேங்கும் தாழ்நிலத்தின் ஓரத்திலேயே அவனை இறக்கி வைத்தார்கள். எங்கே? ஏன் அங்கே? ஊருக்கு மேற்கே மேட்டில் அக்கிரகாரமும், கீழே பள்ளத்தில் சேரியும் வைத்த பழைய ஊரமைப்பின் வாடை இந்த நகரத் திட்டத்திலும் வீசுகிறதா இல்லையா? தலைவிதி என்றால் இதற்கு விடை கிடையாது. தலப்படத்தை விரித்தால் விடை உண்டு.

மழைக்கு வருவோம். 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டன. சென்னை குடத்தோடு தெருவில் நின்றது. அந்த ஆண்டில் அறநிலையத் துறையே, மழை வேண்டி யாகம் நடத்துமாறு கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிற்று. வருண சபம் ஓதினர். கழுத்தளவு நீரில் அமர்ந்து செபித்தனர். குடிக்க நீரில்லாத நாளில் கழுத்தளவு நீர் அண்டாவிலே!

முதலாண்டுப் புவியியல் மாணவனைக் கேட்டால் சொல்வான்: தென்மேற்குக் காற்று சூன் முதல் செப்டம்பர் வரை வீசினும், மேற்குத் தொடர்ச்சி மலை அதன் ஈரத்தைத் தன் மேற்குச் சரிவிலேயே பெரிதும் கறந்துகொள்கிறது, கிழக்கே இருக்கும் நாம் மழை மறைவில் நிற்கிறோம், தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது, சென்னையின் ஏரிகள் நிரம்புவது ஐப்பசி கார்த்திகையில். ஆகவே, செய்ய வேண்டியது கோடையில் ஏரியைத் தூர் வாருவது. வரத்துக் கால்வாயை மீட்பது. சதுப்பு நிலத்தைக் காப்பது. யாகத்திற்குச் செலவான நெய், ஏரியில் ஒரு கூடை மண்ணையாவது எடுத்ததா?

இப்படிப்பட்ட வேளையில்தான் வேறொரு வேலையும் நடக்கிறது. 2025 ஆகஸ்டில், பல்கலைக்கழக மானியக் குழு ஒன்பது பாடங்களுக்கு இளங்கலைப் பாடத்திட்ட வரைவை வெளியிட்டது. அந்த ஒன்பதில் புவியியலும் ஒன்று. 'இந்திய அறிவு மரபு' என்பதைப் பாடங்களுக்குள் இணைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. பழமையில் நல்லது இருந்தால் கற்பதற்கு நமக்குத் தடையில்லை. ஆனால், எந்தப் பழமை? 499-ஆம் ஆண்டில் ஆரியபட்டர், பூமி தன்னைத்தானே சுழல்கிறது என்றார். நிழல் விழுவதால் கிரகணம் என்றார். 628-இல் பிரம்மகுப்தர், இராகுவை மறுப்பது வேதத்துக்குப் புறம்பு என்று ஆரியபட்டரைக் கடிந்தார். இவ்விருவரில் எவருடைய மரபு வகுப்பறைக்கு வரும்? அளந்து சொன்னதா, அதட்டிச் சொன்னதா? நிழலா, பாம்பா? ஆரியபட்டர் வரட்டும், வரவேற்போம். அவர் பெயரைக் கதவாகத் திறந்து, அதன் வழியே மேருமலையும் பாற்கடலும் நுழையுமானால், வாயிற்படியிலேயே தடுத்து நிறுத்துவோம்.

தடுக்கும் உரிமை நமக்கு வேண்டுமானால், நம் வீட்டையும் பெருக்க வேண்டும். குமரிக்கண்டம் என்றதும் கைதட்டும் மேடைகள் நம்மிடையே உண்டு. மடகாசுகரிலும் இந்தியாவிலும் ஒத்த உயிரினச் சான்றுகள் இருப்பதை விளக்க, 1864-இல் சுகிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலார் கற்பித்துக்கொண்ட நிலப்பரப்பே இலெமூரியா. கண்டங்களே நகர்கின்றன என்று 1912-இல் வெகனர் கூறினார். 1960களில் தட்டுப் புவியியக்கக் கொள்கை நிலைபெற்றதும், மூழ்கிய கண்டம் என்ற கற்பனைக்குத் தேவையே அற்றுப் போயிற்று. கடல் கொண்ட நிலம் பற்றிச் சிலப்பதிகாரம் பேசுகிறது. பனியூழி முடிந்தபின் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்தது என்பதும் அறிவியல் கண்ட உண்மை. கரையோர நிலங்கள் மூழ்கியிருக்கும். அதைத் தேடுவோம், கடலடியை அளப்போம். ஆனால், கரையைக் கண்டமாக்கிக் கைதட்டு வாங்குவது நமக்கு அழகன்று. அவர்கள் பாற்கடலுக்கு ஓர் அளவுகோல், நம் குமரிக்கு வேறோர் அளவுகோல் என்றால், அளவுகோலுக்கே பெருமையில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று இலக்கணம் வகுத்து, குறிஞ்சி முதல் நெய்தல் வரை வாழ்வை மண்ணோடு இணைத்துக் கண்ட தமிழனுக்கு, இல்லாத கண்டத்தால் வரும் பெருமை எதற்கு?

"எல்லாம் சரி, வேலை கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பர். வியர்வை சிந்திப் படிக்க வைப்பவர் கேட்கும் கேள்வி அது, எள்ளி நகையாடத்தக்கதன்று. நில அளவை, நகரமைப்பு, பேரிடர் மேலாண்மை, தொலை நுண்ணுணர்வு, மக்கள் கணக்கெடுப்பு, ஆசிரியப் பணி என வழிகள் உண்டு. அரசுப் பணித் தேர்வுகளில் புவியியல் தவறாது இடம்பெறும் பகுதி. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வரைபடங்கள் மீதிருந்த பழைய கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்திய பின், படம் வரையும் தொழிலுக்குக் கதவு அகலத் திறந்திருக்கிறது. தானாக வேலை மடியில் விழும் என்று நாம் பசப்பவில்லை; எந்தப் படிப்புக்கும் இன்று அந்த உறுதி கிடையாது. கைத்திறனோடு கற்றவர்க்கு வழி உண்டு என்பதே நம் சொல்.

"பெண் பிள்ளை மலையேறி, ஆற்றில் இறங்கி, வெளியூர் தங்கிப் படிப்பதா?" என்று இன்னொரு குரல் எழும். களப்பயணத்திற்கு மகளை அனுப்ப மறுக்கும் தந்தையர் இன்றும் உளர். கல்லூரிவரை விட்டோம், களம்வரை விடமாட்டோம் என்பது பாதி விடுதலை. பாதி விடுதலை என்பது சற்றே நீளமான சங்கிலி! 1914-இல் தொடங்கிய சென்னை இராணி மேரி கல்லூரியில் பெண்கள் புவியியல் பயில்கின்றனர். அடுப்படியின் நீள அகலம் மட்டுமே அறிந்திருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டவள், அக்கரையும் மலையும் அளந்து திரும்புவதைவிடப் பெரிய பெண் விடுதலைக் கூட்டம் எது?

ஆகவே நாம் கேட்கிறோம். பள்ளியில் புவியியலைப் புவியியல் கற்றவரே கற்பிக்க வேண்டும். இளங்கலை மாணவரின் களப்பயணச் செலவை, அவர் தம் வீட்டின் தலையில் கட்டாது, அரசு ஏற்க வேண்டும். நல்ல நூல்களும் நல்ல வரைபடங்களும் தமிழில் வர வேண்டும். ஒவ்வொரு புவியியல் துறையும் தன் மாவட்டத்து ஏரி, கால்வாய், சுடுகாட்டுப் பாதை, சேரியின் குடிநீர் ஆகியவற்றை ஆண்டுதோறும் அளந்து, படமாக்கி, ஊர் மன்றத்தில் தொங்கவிட வேண்டும். மாணவர் ஏட்டில் வரைந்து மதிப்பெண் பெற்றதும் எடைக்குப் போகும் படங்கள், ஊர்ச் சுவரில் தொங்கினால் ஊரே கேள்வி கேட்கும்.

தோழர்களே! சேரிக்கு நீர் ஏன் கடைசியில் வருகிறது, ஏரி ஏன் சுருங்கிற்று, நிலம் ஏன் கை மாறிற்று என்று மேடையில் கேட்டுக் கொண்டிருக்கிறோம். எத்தனை அடி, எத்தனை ஏக்கர், எந்த அளவை எண் என்று சொல்லக் கற்றவர் நம் வரிசையில் நிற்கட்டும். வாதத்தை மறுக்க ஆயிரம் வாய் உண்டு. அளந்து வைத்த கணக்கை மறுக்க வேண்டுமானால், மறுப்பவரும் சங்கிலியை எடுத்துக் கொண்டு மண்ணில் இறங்கியாக வேண்டும். அவர்களை மண்ணில் இறக்குவோம். அதற்குமுன் நாம் இறங்குவோம்!